வெள்ளிக்கிழமை மாட்டிறைச்சி

காலையில் மார்க்கெட் பையோடு அவன் வந்தபோதே சொல்லியிருக்கலாம். டோரின் வாயைத் திறந்தாள்தான். கணவன் கிளெமென்றின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டு மூடிக்கொண்டாள். பிறகு வெங்காயம் வதங்கியது, மாட்டிறைச்சி சட்டிக்குள் போனது, அதன்மேல் வைன் போத்தல் கவிழ்ந்தது. இனி எப்படிச் சொல்வது, இன்றைக்குத் தவக்கால வெள்ளி, இறைச்சி தொடக்கூடாது என்று?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவன் அவன். பாரிஸில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவப் போய், சமையல்காரனாகி, போன வருஷம் பிரெஞ்சுப் பிரஜையும் ஆகிவிட்டான். லீவில் வந்தவன் திங்கட்கிழமை திரும்புகிறான். அவளுக்கும் விசா வந்துவிட்டது. கூட வருகிறாளா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லவேண்டும்.

மத்தியானம் அவள் தமையன் ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். பரிமாற எழுந்த டோரினைக் கிளெமென்ற் விடவில்லை.

"இரும். எல்லாரும் ஒண்டா இருந்துதான் சாப்பிடுறது. பிரான்ஸ் எண்டது பாஸ்போட்டில்லை மச்சான், இந்த மேசைதான். அங்க புரட்சி நேரம் பாணுக்காகப் பொம்பிளையள்தான் முதல் அரண்மனைக்கு நடந்தவை. ராசாவையே கையோட கூட்டிக்கொண்டு வந்தவை."

"இவள் கொச்சிக்கடைக்கே தனிய நடக்கமாட்டாள்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "எந்த ராசாவைப் பிடிக்கப்போறாள்?"

"ராசாவின்ர தலை போனாப்பிறகு, பிரபுக்களின்ர குசினிக்காரருக்கு வேலையில்லை. ரோட்டில கடை போட்டினம். அப்பிடித்தான் ரெஸ்ரோரண்ட் பெருகினது எண்டு எங்கட செஃப் சொல்லுவார்." அவன் மூடியைத் திறந்தான்.

ஸ்ரனிஸ்லாஸ் சட்டிக்குள் பார்த்தார். "மாடோ? இண்டைக்கு வெள்ளியெல்லே."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எங்களுக்கு இந்தச் சட்டத்தைப் பழக்கினதே உங்கட பிரெஞ்சுச் சாமிமார்தான். தாங்கள் விட்டிட்டினமோ?"

கிளெமென்ற் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. காதுமடல் சிவக்க, பெண் பார்க்க வந்த நாளில் இருந்ததுபோல இருந்தான். டோரினுக்கு அதைத் தாங்க முடியவில்லை. அவள் தன் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள்.

"எனக்குப் போடுங்கோ."

"டோரின்," என்றார் தமையன்.

அவள் முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். தொண்டையில் நிற்கும் என்று நினைத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. ருசியாகவும் இருந்தது. அடுத்த துண்டை யாருக்காக எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் பாணைப் பிய்த்து, தண்ணீரோடு விழுங்கிவிட்டு எழும்பிப் போனார்.

"பாத்தீரே," என்றான் கிளெமென்ற். "நீர் வரமாட்டீர் எண்டுதான் பயந்துகொண்டிருந்தனான். அப்ப ரிக்கற்றைப் போடுறன்."

இது அதற்கான பதில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வாயில் இன்னும் இறைச்சி இருந்தது. மென்று முடிக்கமுதல் அவன் போனைக் காதில் வைத்து, அவளுடைய பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.