நானூற்றுப் பதின்மூன்றாம் அறை

அந்த நட்சத்திர ஓட்டலில் அம்மா வேலை பார்த்தது பூமிக்குக் கீழே. பின்வாசல் வழியாகப் போய், சலவை அறையைத் தாண்டிப் படி இறங்கினால் டெலிபோன் அறை. ஜன்னல் கிடையாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மேலே இருக்கும் அறைகளுக்கெல்லாம் இணைப்புக் கொடுப்பார்கள். விருந்தாளிகள் புழங்கும் பக்கம் தலைகாட்டக் கூடாது. தலை நரைக்கும்வரை அங்கேயே உழைத்தவள், ஒரு அறையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனால் காதால் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தாள். அடுப்படியில் நின்றபடி எனக்குச் சொல்வாள். விருந்தாளிகள் நடந்துகொண்டே பேசினாலும் காலடிச் சத்தம் கேட்காதாம், கம்பளம் அவ்வளவு கனம். ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசுகிறவர்களின் குரலுக்குப் பின்னால் குருவிகள் கத்துமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

அந்த ஓட்டலுக்குப் பதின்மூன்று என்றால் ஆகாது. நாலாவது மாடியில் பன்னிரண்டுக்கு அடுத்த கதவு பதினான்கு. அந்த இல்லாத அறைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. வேலை நேரத்தில் சொந்தப் பேச்சுக்கு அனுமதி இல்லை. மேற்பார்வை பார்த்த அம்மாளுக்கு அங்கே 'பாம்புக் காது' என்று பெயர். நாற்காலிகளுக்குப் பின்னாலேயே உலாத்திக்கொண்டிருப்பாளாம். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் எங்கள் தெரு மருந்துக் கடைக்குப் போய், எக்கி நின்று போனை எடுத்து ஓட்டல் நம்பரைச் சுழற்றி, "நானூத்திப் பதிமூணு வேணும்" என்பேன். எந்த அக்கா எடுத்தாலும் அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அம்மாவிடம் தள்ளிவிடுவார்கள்.

அம்மாவின் குரல் வரும். வீட்டில் கேட்காத குரல் அது, அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி. "அந்த ரூம்ல இருக்கவங்க வெளிய போயிருக்காங்க. ஆறு மணிக்கு வந்துடுவாங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்பது என் கேள்விக்கு அர்த்தம், ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்பது அவள் பதிலுக்கு அர்த்தம். ஒருமுறை காய்ச்சலோடு வந்து, அழுதுகொண்டே நானூற்றுப் பதின்மூன்று கேட்டேன். அன்றைக்கும் அதே பதில்தான். குரல் மட்டும் கொஞ்சம் இடறியது. அந்த விருந்தாளி ஒருநாளும் அறையில் இருந்ததே இல்லை.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது ஆனபோது, என்ன வேண்டும் என்று கேட்டேன். நகை, புடவை என்று எதுவும் கேட்கவில்லை. "அந்த ஓட்டல்ல ஒரு ரூம்ல உக்காந்து போனை எடுக்கணும்டி. கீழ இருக்கவ 'சொல்லுங்க'ன்னு சொல்றத நான் கேக்கணும். இந்தப் பக்கத்துல இருந்து எப்படி இருக்கும்னு தெரியணும்" என்றாள். வாழ்நாளில் என்னிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நாலாவது மாடி என்று கேட்டு அறை பிடித்தேன்.

கார் வாசலில் நின்றதும் அம்மா இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பின்வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். கையைப் பிடித்துத் திருப்ப வேண்டியதாயிற்று. பழக்கதோஷம் என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அறை தயாராகவில்லை என்றார்கள். வரவேற்புக் கூடத்தின் சோபாவில், பேருந்தில் இடம் கிடைத்தவள்போல நுனியில் உட்கார்ந்திருந்தாள் அம்மா. ஒருவழியாகச் சாவி அட்டை கிடைத்து மேலே போனோம். அம்மா முதலில் போய்ப் பார்த்தது பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் இருந்த சுவரைத்தான். அதில் ஒரு குதிரைப் படம் மாட்டியிருந்தது. "நம்ம ரூமு" என்று அந்தச் சுவரைத் தடவிக் கொடுத்தாள். எங்களுக்குக் கிடைத்தது பதினான்கு.

உள்ளே போனால் பெயின்ட் வாடை. கம்பளத்தைக் காணோம், வழுக்கும் தரை, நடந்தால் டக் டக்கென்று கேட்டது. ஜன்னலை நிரந்தரமாக மூடியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டடத்தின் முதுகும் வரிசையாக ஏசி பெட்டிகளும். குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, அப்புறம் துருத் தண்ணீர். கெட்டிலின் வயர் எந்தப் பிளக்குக்கும் எட்டவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மாவோ ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்கினாள். கம்பளம் தூசி பிடிக்கும், ஜன்னல் திறந்தால் கொசு வரும் என்றாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் இவ்வளவு விட்டுக்கொடுக்காமல் பேசியதில்லை. ஆனால் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

போனைக் கடைசிக்கு வைத்திருந்தாள். கட்டிலருகே கறுப்பும் தங்கமுமாக, சுழற்றுகிற வட்டத்தோடு இருந்தது. முகம் கழுவி, தலை வாரி, புடவையைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"சத்தமே இல்லடி."

நான் கீழே போனேன். வரவேற்பில் இருந்த பையன் சிரித்த முகமாக விளக்கினான். அந்தப் போன்கள் அழகுக்குத்தானாம். பழைய பாணி என்றால் விருந்தாளிகளுக்குப் பிடிக்கிறதாம். வயர் எங்கேயும் போகாது. கீழே இருந்த டெலிபோன் அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எது வேண்டுமானாலும் செல்போன் ஆப்பில் சொல்லலாம். நான் கத்தித் தீர்த்தேன். அவன் பாவம், என்ன செய்வான்? ஒரு பழக்கூடையைக் கொடுத்தான்.

கூடையும் கையுமாகத் திரும்பி வந்து, இருந்ததை இருந்தபடி சொன்னேன். எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் போன் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

"அழகுக்கா?" என்றாள். முந்தானையால் ரிசீவரைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள். பிறகு, "வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள்.

முகம் கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போனேன். அங்கே, கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில், சுவரில் இன்னொரு போன். அதே கறுப்பு, அதே தங்கம். இங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் அழகு தேவைதான்போலும். அழுகையோடு சிரிப்பும் வந்தது. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. என்ன தோன்றியதோ, ரிசீவரை எடுத்தேன்.

"ஹலோ, நானூத்திப் பதிமூணு வேணும்."

கூப்பிட்டது தப்போ என்று பயந்துவிட்டேன். அப்புறம் அறையிலிருந்து வளையல் ஓசை. ரிசீவரை எடுக்கிற மெல்லிய சத்தம். செருமித் தொண்டையைச் சரி செய்துகொள்வது கேட்டது.

"வணக்கம். ஒரு நிமிஷம் இருங்க."

அந்தக் குரல்! மருந்துக் கடையில் எக்கி நின்று கேட்ட அதே குரல், ஒரு மடிப்புக் கலையவில்லை. அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். வெளியே போயிருக்கிறார்கள், ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள். அதைக் கேட்பதற்காகவே காத்திருந்தேன்.

"அவங்க ரூம்லதான் இருக்காங்க" என்றாள் அம்மா. "இன்னைக்கு எங்கயும் போகல. லைன் குடுக்கறேன், நிதானமா பேசுங்க."

உயிரில்லாத ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஐம்பது வயதைத் தொடப்போகிற எனக்கு, சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஸ்கூல்ல இருந்து வந்துட்டேம்மா."