பெரிய ஃபைலும் சின்ன ஃபைலும்

வக்கீலிடம் பேச அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே இடம் குளியலறை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பேசுவாள். அன்றைக்கும் பாதிப் பேச்சில் அண்ணன் கதவைத் தட்டினான்.

"உள்ள குடித்தனமே வச்சிட்டியா? வெளிய வா."

"வக்கீல்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"ஹால்ல போய் பேசு. உன் கதையில ஒளிக்கிறதுக்கு இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள். ஹாலில் அவளுடைய இடம் சோபா. கணவனை விட்டு வந்த நாளிலிருந்து அதில்தான் தூக்கம். காலையில் போர்வையை மடித்து அதன் கைப்பிடிக்குக் கீழே செருக வேண்டும். வெளியே தெரிந்தால் அண்ணனுக்குப் பிடிக்காது. பாட்டுக் கேட்க அவனுடைய நண்பர்கள் வருவார்கள்.

வீட்டை அப்பா இரண்டு பிள்ளைகள் பேரிலும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். பாதி அவளுடையது. அந்தப் பாதி எந்தப் பக்கம் என்றுதான் இதுவரை யாரும் சொல்லவில்லை.

பின்னறை அண்ணனுடையது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கணினியிலிருந்து வரும் பாட்டு முதலில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் போய், அதன் பிறகுதான் ஸ்பீக்கருக்குப் போகும். கதவு அவன் சொல்லிச் செய்தது. ஒரு கை தடிமன், உள்ளே கம்பளி, விளிம்பெல்லாம் ரப்பர். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டு உள்ளே வந்துவிடுகிறாள் என்று தாழ்ப்பாளும் வைத்திருந்தான்.

காப்பீட்டு ஆபீசில் வேலை. மாலையில் வந்து ஹெட்போன், ஸ்பீக்கர், பெட்டி பற்றி இணையத்தில் எழுதுவான். படிக்கிற நாலு பேர் அவனைத் தங்கக்காது என்றார்கள். அவனே தன் பேருக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டான்.

அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"பின்னறைய எனக்குக் கொடு. உன் சாமானை ஹால்ல வச்சுக்க."

"ஹால்லயா?" அவன் சிரித்தான். "சிடிக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியணும்னா அறை வேணும். உனக்கு அதெல்லாம் புரியாது. உன் வேலை காது போன கிழங்களுக்கு பீப் பீப் அடிக்கிறது."

அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அண்ணன் அவளுக்கு வைத்த பேர் பீப்பு.

"வித்தியாசம் உனக்குத் தெரியுமா?"

"திரைய விலக்கின மாதிரி தெரியும்."

"அப்ப பந்தயம். ஒரே பாட்டு. ஹை-ரெஸ்ல பெரிய ஃபைல் ஒண்ணு, சிடி அளவுக்குச் சின்ன ஃபைல் ஒண்ணு. எது ஓடுதுன்னு நீ சொல்லணும். எட்டு தடவை. ஏழு சரின்னா இனி அறையப் பத்தி வாயே திறக்கமாட்டேன். இல்லன்னா அறை எனக்கு."

"நீ வாய மூடறதுக்காகவே செய்யலாம்" என்றான் அண்ணன்.

அண்ணி குழம்புச் சட்டியை நடுவில் வைத்தாள். "ரெண்டும் நாலு கழுதை வயசு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

ஏமாற்றுகிறவர்களை அவளுக்குத் தெரியும். நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இவள் தோள் அசைவதைப் பார்த்துப் பட்டனை அமுக்குவார்கள். கேட்கிறது என்று காட்ட மனிதர்கள் எதையும் செய்வார்கள். அதனால் ஒன்றையும் விடவில்லை. அண்ணனின் பெரிய ஃபைல்களிலிருந்தே சின்ன ஃபைல்களைச் செய்தாள். சத்தம் கூடுதலாக இருக்கிற பாட்டுத்தான் எவன் காதுக்கும் நல்ல பாட்டு. அதற்காக நிலையத்திலிருந்து ஒலிமானி கொண்டுவந்து இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்கினாள். எந்த அளவு ஃபைல் ஓடுகிறது என்று காட்டும் விளக்கு பெட்டியின் முகத்தில் இருந்தது. அதன்மேல் கறுப்பு டேப். மடிக்கணினியோடு அண்ணி நடையில், திறந்த கதவுக்கு வெளியே. அண்ணனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, அவன் முகம் தெரிகிற மாதிரி இவள் தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னதுல ஆரம்பிக்கிறோம். கேட்டுக்க. அதுக்கப்புறம் அண்ணி மாத்துவாங்க, இல்ல மாத்தமாட்டாங்க."

"தெரியும்டி. ஓட்டச் சொல்லு."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பெரிசு."

பாடகி இன்னும் மூச்சு இழுத்துக்கூட முடிக்கவில்லை.

"பெரிசு. இதுவும் பெரிசுதான். ம், சின்னது. இதுகூட தெரியலன்னா செத்துடலாம். அடுத்தது."

எட்டுக்கு எட்டு.

எழுந்து சோம்பல் முறித்தான். "பீப்பு, சொன்ன சொல் ஞாபகம் இருக்குல்ல? வாய்." உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான். ஹாலைக் கடக்கும்போது, கைப்பிடிக்குக் கீழே செருகியிருந்த போர்வையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். அன்று மாலையே எழுதிப்போட்டான். வீட்டில் கண்மூடிச் சோதனை. எட்டுக்கு எட்டு.

அவள் நேரே சமையலறைக்குப் போனாள்.

"நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா அண்ணி?"

"என்னத்த?"

"இருமறது, வளையல உருட்டறது, ஏதாவது."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஆளுக்கு நான் உதவி பண்ணுவேனா? அவர் கதவ சாத்திக்கிட்டார்னா நான் இங்க வழுக்கி விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டாக்கூட கேட்காது. அந்த அறை நாளைக்கே இடிஞ்சு விழட்டும், எனக்கென்ன?"

"பின்ன எப்படி எட்டுக்கு எட்டு?"

"எப்படியா? அந்தப் பெட்டிதான் டிக்குனு சொல்லுதே."

"என்ன டிக்?"

"சின்னதுல இருந்து பெரிசுக்கு மாத்தினா ஒரு டிக். திரும்ப வந்தா ஒரு டிக். மாத்தலன்னா சத்தம் இல்ல. கதவு திறந்திருந்தா இந்த அடுப்படி வரைக்கும் வரும். காது பாக்கறதுதானே உன் பிழைப்பு? உனக்குக் கேட்கலையா?"

கேட்டிருந்தது. அண்ணி நடையில் பட்டன் தட்டுகிற ஓசை என்று நினைத்திருந்தாள். முகம் சுட்டது.

"உனக்காக இத சொல்லல" என்றாள் அண்ணி. "என்னைத் திருட்டுக் கழுதைன்னு நினைச்ச பாரு, அதுக்காக சொன்னேன். தள்ளு, அடி பிடிக்குது."

அன்றிரவு சோபாவில் ஒரே யோசனை. அவனுக்கு அது தெரியுமா? தெரிந்து செய்திருந்தால் அவன் வெறும் திருடன். திருடனாக இருந்தால் நல்லது.

எப்படியும் இன்னொரு தடவை அவனை உட்கார வைக்க வேண்டும். ஜெயித்தவன் எதற்கு உட்காருவான்? ஆனால் அவன் எழுதியதற்குக் கீழே ஒருவன், வீடியோ எங்கே என்று கேட்டிருந்தான்.

"உன் ஆளுங்களே நம்பல போலிருக்கு" என்றாள் காலையில்.

"எவன் நம்பல?"

"கேட்கறான்ல, வீடியோ எங்கன்னு? பயமா இருந்தா விடு."

அண்ணன் தட்டைத் தள்ளினான். "எனக்கென்னடி பயம்? இந்தத் தடவை தோத்தா நீ சோபாவையும் விடணும். வேற வீடு பாத்துக்கணும். சரியா?"

வேறு வீட்டுக்கு அவளிடம் வழியில்லை. அது அவனுக்குத் தெரியும்.

"சரி. நீ தோத்தா அறை எனக்கு" என்றாள்.

சின்ன ஃபைல்களை எடுத்துப் பெரிய ஃபைலின் அளவுக்கு ஊதினாள். சுருக்கியபோது போனது திரும்பி வராது. ஆனால் பெட்டிக்கு எட்டுத் தடவையும் ஒரே அளவு. எதற்காகவும் அது மாற வேண்டியதில்லை. ஃபைலைப் பற்றி அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. சட்டை மாற்றி, தலை வாரி, செல்போனை எதிரே நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

சின்னது ஓடியது. நின்றது. அடுத்தது ஓடியது.

"சின்னது" என்றான். அடுத்ததற்கும் சின்னது. மூன்றாவதில் புருவம் சுருங்கியது. "சின்னது. மாத்தச் சொல்லு."

"பாட்டக் கேட்டு சொல்லு."

நாலாவதில் நடையைப் பார்த்துக் கத்தினான். "ஏய், பட்டன அமுக்கறியா, தூங்கறியா?"

"அமுக்கறேங்க" என்றாள் அண்ணி.

ஐந்தாவது பாட்டை அவன் முழுக்கக் கேட்டான். நாற்காலி விளிம்புக்கு வந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கக் கேட்டான். அந்த முகம் அவளுக்குப் பழக்கம். வருகிறதா இல்லையா என்று தெரியாமல் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிற முகம். நிலையத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் சத்தத்தை ஒரு படி கூட்டுவாள்.

இங்கே கூட்டவில்லை.

எட்டுக்கும் சின்னது என்றான். பிறகு எழுந்து, "ஒரே ஃபைல ஓட்டிட்டு என்கிட்ட வித்தை காட்டறியா?" என்று பெட்டியின் டேப்பைப் பிய்த்தான். விளக்கு நீலமாக இருந்தது. பெரிய ஃபைலுக்குத்தான் நீலம்.

"நாலு பெரிசு ஓடிச்சு" என்றாள் அவள். "நாலு சின்னது, பெரிசோட அளவுல. அதனால பெட்டி மாறல. டிக் வரல."

"எந்த டிக்?"

அவன் உண்மையிலேயே கேட்டான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் அவன் கண்ணை மூடிக்கொண்டு, தனக்கே தெரியாமல் காத்திருந்தது அதற்காகத்தான். டிக் வந்ததும் திரை விலகும்.

திருடனில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உனக்குப் பாட்டு நல்லாருக்குன்னு சொல்றது உன் காது இல்ல" என்றாள். "பெட்டி."

நடையில் அண்ணி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கால் வெளியேறிய சிரிப்பு.

அண்ணன் செல்போனை எடுத்து வீடியோவை அழித்தான். வெளியே போய் ஸ்க்ரூடிரைவரோடு திரும்பினான்.

"அறைய எடுத்துக்க" என்றான். "கதவு என்னுது."

"என்ன?"

"நான் செஞ்ச கதவு. பந்தயத்துல கதவப் பத்திப் பேச்சே வரல. ஹால்ல படுத்த மாதிரியே படுத்துக்க. உன் வக்கீல் பேச்ச நாங்களும் கேட்போம்."

கதவு அறைக்குள் திறக்கும் கதவு. கீல்கள் மூன்றும் உள்பக்கம். அவன் குந்தி உட்கார்ந்து அடிக்கீலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நடுக்கீலையும் தொட்டான். ஒன்று கழன்றது, இரண்டு கழன்றது, கதவு ஒரு விரலளவு சரிந்து தரையில் உட்கார்ந்தது. மேலே எட்டவில்லை.

"ஸ்டூல எடு" என்றான் அண்ணியிடம்.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

"சனியன்" என்று முனகிக்கொண்டு அவனே போனான்.

அவள் கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். இவ்வளவு கனம் என்று நினைக்கவில்லை. தரையில் ஒரு வெள்ளைக் கீறல் விழ, கதவு நிலைக்குள் போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

ஸ்டூல் கதவில் மோதியது. பிறகு கை. பிறகு கால், அடிப்பக்கம், கீல் இல்லாத இடத்தில். அங்கே கதவு அசைந்தது. அவன் கத்துவது பக்கத்து வீட்டு டிவி மாதிரி, வார்த்தையில்லாமல் கேட்டது. அண்ணியின் குரலும் ஒருமுறை வந்தது. யாரைத் திட்டுகிறாள் என்று தெரியவில்லை.

ஸ்பீக்கரின் பின்னாலிருந்து வயரைப் பிடுங்கினாள். தோளைக் கொடுத்து அதை நகர்த்தி, அசைகிற மூலைக்கு முட்டுக் கொடுத்தாள். போதவில்லை. இன்னொன்றையும் தள்ளிக்கொண்டுபோய் அதன் பின்னால் நிறுத்தினாள்.

பிறகு அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து வக்கீலுக்குப் போன் செய்தாள்.

"அன்னைக்குப் பாதியில வச்சுட்டீங்களே" என்றார் வக்கீல். "இப்ப பேசலாமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரு அங்குலம் பின்னால் வந்தன. அவள் நாற்காலியிலிருந்து காலை நீட்டி, உள்ளங்காலால் அவற்றைத் திரும்பத் தள்ளி, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காங்க" என்றாள். "நீங்க சொல்லுங்க."