சம்பந்தி கண்டெடுத்த யாரேத்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஆதாமிலிருந்து ஆறாம் தலைமுறையில் வாழ்ந்து, பிறகு யாராலும் கண்டுகொள்ளப்படாமல் கிடந்த ஒரு பெயர் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கின் பன்னிரண்டாம் மாடி வீடொன்றில் மீட்கப்பட்டிருக்கிறது. மீட்டவர் சின்னத்தம்பி அல்ல. துக்கம் அதுதான்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சபையொன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பெயர் தேர்ந்து கொடுப்பவர் சின்னத்தம்பி. ஞானஸ்நானத்தன்று மைக்கைப் பிடித்து, "எபிரெய பாஷையிலே..." என்று ஆரம்பிப்பார். அந்தப் பாஷையில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தெரிந்தவர் யாரும் சபையில் இல்லாததால் நிபுணர் ஆகிவிட்டார்.

இப்போது சொந்த மகள் ரக்‌ஷனாவின் பிள்ளை. மகலாலெயேல் என்று முடிவு கட்டியிருந்தார். குறுக்கே வந்தார் சம்பந்தி மருதப்பன். கோயிலுக்குப் போகிற மனுஷர். மருமகளின் பைபிளை வாங்கி, உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகாருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்திருக்கிறார். அதுவும் எதை? இன்னார் பிள்ளை இன்னார் என்று அதிகாரம் அதிகாரமாக நீளும் வம்ச வரலாற்றை. விசுவாசிகளே தள்ளிவிட்டுப் போகும் பக்கங்கள். சின்னத்தம்பியும் மகலாலெயேலோடு நிறுத்தி, மிச்சத்தைத் தள்ளிவிட்டவர்தான்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் இரு வீட்டாரும் அந்தப் பன்னிரண்டாம் மாடியில், மகள் வீட்டில் கூடினார்கள்.

"யாரேத்," என்றார் மருதப்பன். "அர்த்தம் தேடிப் பாத்தேன் சம்பந்தி. இறங்கி வர்றதாம்."

சின்னத்தம்பிக்கு உயிர் வந்தது. "இறக்கமா? பேரன் வாழ்க்கையில ஏறணுமா, இறங்கணுமா?"

"மழை இறங்குது, சாமி இறங்குது. நல்லதெல்லாம் மேலேருந்துதானே வருது லா."

அன்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னத்தம்பியின் மனைவி! இருபத்திரண்டு வருஷமாக அவர் கொடுத்த விளக்கங்களுக்கு அவள் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

"சம்பந்தி எவ்வளவு அழகா சொல்றாரு பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன், பாத்தேன்." நாளைக்கு அதே மைக்கின் முன்னால் மருதப்பன் நிற்பதும், முன்வரிசையில் அன்னம்மா கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகளிடம் திரும்பினார். "நீயே முடிவா சொல்லும்மா. மகலாலெயேலா, யாரேத்தா?"

ரக்‌ஷனா கணவன் அர்ஜுனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"அப்பா, பேரு போன மாசமே ரெஜிஸ்டர் பண்ணியாச்சு. சபைக்கும் அதைத்தான் குடுத்திருக்கோம். நீங்க ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல அடிச்சுக்கிட்டிருந்தீங்க. எங்களை யாரு கேட்டா?"

"என்ன பேரு?"

"ரயன்."

"சம்பந்தியா சொன்னாரு?"

"இல்லப்பா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன டாக்ஸிக்காரர் பேரு. நல்ல மனுஷர். காசே வாங்கல."

ரயன் எபிரெயப் பெயர் அல்ல.