தையல்காரி வீட்டுச் சுவர்

அக்கா புருஷனை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து, குளிர்பெட்டி மெக்கானிக்கின் வீட்டுக்கும் அவன் அக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் அவனுக்கு மட்டும் பதினோரு கிலோமீட்டர் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டராகிவிட்டது. மற்றவர்களுக்கு அது நாற்பதே எட்டு வைக்கும் தூரம். முதலில் அவன் வீடு, அடுத்தது வாரிசுகள் ஒத்துப்போகாமல் பூட்டிக்கிடந்த வீடு, அதற்கடுத்தது தையல்காரி வீடு, அப்புறம் அக்கா வீடு. பூட்டிய வீடுவரை அவனுக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. தையல்காரி வீட்டின் பச்சைச் சுவர் தொடங்கியதும் அது முடிய மறுத்தது. முதல் நாள் அவன் ரப்பர் செருப்போடு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினான். இரண்டு மணி இருபது நிமிடம் கழித்து அக்கா வீட்டு வாசலை அடைந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது, செருப்பின் வார் அறுந்திருந்தது. திரும்பி வரும்போது நாற்பது எட்டுதான். தெருவின் மறுமுனை வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தான். அந்தப் பக்கம் தையல்காரி வீடே கிடையாது. ஆனாலும் அவள் வீட்டுச் சுவர் அங்கேயும் வந்து நின்றது. ஸ்கூட்டரில் போனபோது பெட்ரோல் தீரும்வரை பச்சைச் சுவர் வந்துகொண்டே இருந்தது, அக்கா வீடு வரவில்லை. கடைசியில் வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு முதலிலிருந்து நடக்க வேண்டியதாயிற்று. ஓடியோ நடந்தோதான் போக முடியும் என்பது அன்றைக்குத் தெளிவானது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். நீண்ட பந்தயம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர். அவன் மாமா, அதாவது அக்கா புருஷன், முப்பத்தோராவது கிலோமீட்டர் கல்லருகே உட்கார்ந்துவிட்டார். மிச்சம் இவ்வளவுதான்.

மாமா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் உடம்பு என்று நாற்பது வயதில் ஓட ஆரம்பித்தவர், ஆறு மாதத்தில் மச்சானையும் இழுத்துவிட்டார். ஊரில் அப்படி முப்பது பேர் இருந்தார்கள். நில அளவை அலுவலக சர்வேயர்தான் சங்கத்துக்குச் செயலாளர். ஓடி முடித்ததும் அவர்கள் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தை நிறுத்துவார்கள், மூச்சு வாங்குவதற்கு முன்னால் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். கடிகாரம் 9.97 காட்டினால் மாமா தன் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பத்தாக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். நின்றால் கடிகாரமும் தானாக நின்றுகொள்ளும்படி எல்லோரும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். சிக்னலில் நிற்கும் நேரம் கணக்கில் ஏறினால் சராசரி கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. சங்கத்தில் ஒரு பலகை இருந்தது. இடது பக்கம் நீண்ட பந்தயத்தை நாலு மணி நேரத்துக்குள் முடித்தவர்கள், வலது பக்கம் மற்றவர்கள். மாமாவும் மச்சானும் ஐந்து வருடமாக வலது பக்கம்தான். இந்த முறை சேர்ந்தே ஓடி, சேர்ந்தே முடித்து, இரண்டு பெயரையும் ஒரே நாளில் இடது பக்கம் ஏற்றுவது என்று பேசி வைத்திருந்தார்கள். பதினெட்டு வாரப் பயிற்சி அட்டவணையை அக்கா வீட்டுக் குளிர்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி, தினமும் பென்சிலால் நிரப்பினார்கள். பந்தயத்தன்று காலை அக்கா வாசல்வரை வந்து, "நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கதவைத் திறக்க மாட்டேன், ரெண்டு பேரும் அப்படியே ஓடிடுங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தாள்.

முப்பத்தோராவது கல்லருகே மாமா, "டேய், ஒரு நிமிஷம் நில்லுடா" என்றார். நின்றான். மாமா நடைபாதை ஓரம் உட்கார்ந்து, கையை மட்டும் தூக்கிக் காட்டினார். வா என்றும் சொல்லலாம், போ என்றும் சொல்லலாம், அப்படி ஒரு கை. மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கையைப் போ என்று எடுத்துக்கொண்டு ஓடினான். நானூறு மீட்டர் தள்ளித் தண்ணீர் மேஜை இருந்தது, அங்கே மூன்று தன்னார்வலர்கள் இருந்தார்கள், ஒருவர் கையில் வாக்கி டாக்கி இருந்தது. அவர்களிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. தம்ளரை வாங்கிக்கொண்டான். மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் கோட்டைத் தாண்டினான். மாமாவைக் குப்பை வண்டிக்காரர்கள் கண்டெடுத்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. பத்து நிமிடம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அங்கே கூடியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, வாக்கியத்தை முடிக்கவில்லை. மாமா பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தேன், கூப்பிட்டது காதில் விழவில்லை என்று மெக்கானிக் எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். பலகையில் அவன் பெயரை இடது பக்கம் எழுதினார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவனிடம் இருந்த ஒரே காரணம் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை.

சுவர் நீண்ட செய்தி சங்கத்துக்கு எட்டியதும் சர்வேயர் அளவைச் சக்கரத்தோடு வந்து தெருவை உருட்டிப் பார்த்தார். இருபத்தொன்பது மீட்டர். மெக்கானிக்கை நடக்கச் சொல்லி எல்லோரும் நின்று பார்த்தார்கள். யாரோ தும்மினார்கள், அந்தத் தும்மலுக்குள் அவன் காணாமல் போனான். ஒரு மணி மூன்று நிமிடம் கழித்து அக்கா வீட்டு வாசலில் வியர்வை சொட்ட நின்றான், கடிகாரத்தில் 11.2 இருந்தது. ஓட்டக்காரர்கள் இதை அதிசயம் என்று எண்ணிக் காலத்தை வீணாக்கவில்லை. வாரக் கணக்கில் இது சேருமா சேராதா என்பதுதான் அவர்கள் சண்டை.

"ஏத்த இறக்கம் ஏதாவது உண்டா தம்பி?" என்று கேட்டார் சர்வேயர்.

"இல்ல சார். சுவர்தான்."

"நிழல்?"

"காலைல இருக்கும்."

"சமதளம், நிழல், குறுக்க வண்டி கிடையாது. இதுக்கு ஒரு மணி மூணு நிமிஷமா? வெக்கமா இல்ல?"

மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், பயிற்சிக் கணக்கில் சேரும், ஆனால் முறையாக அளந்து சான்றளிக்கப்படாத பாதை என்பதால் சாதனையாக ஏற்க முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். தையல்காரிக்கு வேறு குறை இருந்தது. ஏழு மணியானால் சுவருக்கு வெளியே தடதடவென்று சத்தம், எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. "என் சுவத்த ஒட்டி ஓடாதீங்க தம்பி, ஊசில நூல் கோக்க முடியல, கை அதிருது" என்றாள். ஒரு வருடம் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். மூன்று லிட்டர் பதினோரு கிலோமீட்டருக்கு வந்தது, நடுவில் எங்கேயும் திட்டு விழவில்லை என்று மெக்கானிக் சொன்னான். மெக்கானிக்கின் மனைவி மட்டும் ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்தப் பக்கம் போய் வந்தாள். "நாப்பது எட்டு வைக்க உங்களுக்கு ஒரு மணி நேரமா? என்னதான் கேடு?" என்று ஒருமுறை கேட்டாள். அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், கட்டி முடித்துவிட்டுக் கிளம்பினான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

அக்கா, கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் இருந்தாள். ஐந்து கிலோ கல்லில் ஐந்து கிராம் குறைந்தாலும் அவள் கை சொல்லிவிடும். குறை கண்டால் கடைக்காரரைத் திட்ட மாட்டாள்; கல்லைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். திட்டே மேல் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மூன்றாவது மாதம், பந்தயம் நடத்தியவர்கள் அனுப்பிய சான்றிதழையும் தம்பியின் கடிகாரக் கணக்கையும் மேஜைமேல் அருகருகே வைத்தாள். சான்றிதழில் ஐம்பத்திரண்டு விநாடி. கடிகாரத்தில் நாற்பத்து மூன்று.

"ஒன்பது செகண்ட் எங்கடா?"

"பட்டனை லேட்டா அமுக்கினேன்க்கா."

அக்கா "ம்" என்றாள். இரண்டு தாளையும் தனியாக எடுத்து வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான்.

அதன்பிறகும் ஐந்து மாதம் தினமும் ஓடினான். ஓட்டம் மனசை லேசாக்கும் என்று சங்கத்தில் சொல்வார்கள். மெக்கானிக்குக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். 'பின்னாடி ஒருத்தர் உக்காந்திருக்கார், பாருங்க.' பழக்கதோஷத்தில் அதைக் கடிகாரம் வைத்து அளந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாலும் இரண்டு புள்ளி எட்டு விநாடிக்கு மேல் ஆகவில்லை. நாலு மணிக்கு அவனுக்கு எட்டு விநாடி மிச்சம் இருந்தது. சொல்லியிருந்தாலும் அவன் பெயர் இடது பக்கம்தான் ஏறியிருக்கும். எட்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அக்கா கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். நின்றது, கை, கடிகாரம், தண்ணீர் மேஜை, வாக்கி டாக்கி. "எட்டு செகண்ட் மிச்சம் இருந்துச்சுக்கா" என்றான். ஒன்பது விநாடி அவன் நின்றது, கடிகாரமும் கூடவே நின்றது, அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த எட்டு தெரியாது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "போ" என்றாள். போனான். நாற்பது எட்டு.

உண்மையைச் சொன்னால் தூரம் குறையும் என்று அவன் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தான். மறுநாள் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. வாசலுக்கு வந்தான், கதவு திறந்திருந்தது. அக்கா அவனைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு குளிர்பெட்டியின் பக்கவாட்டில் இருந்த அட்டவணையில், மாமாவின் கடைசி வாரத்துக்குக் கீழே புதிதாகக் கட்டம் போட்டு, 1.02 என்று பென்சிலால் எழுதினாள். "நாளைக்கு வா" என்றாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பதினோரு வருடம் அப்படியே போயிற்று. அட்டவணைக்குக் கீழே தாள் ஒட்டி ஒட்டி, அது குளிர்பெட்டியைச் சுற்றிக்கொண்டு தரையைத் தொட்டது. நேரம் ஐம்பத்தாறு நிமிடம்வரை இறங்கி, பிறகு வயசோடு ஏறியது. இத்தனை வருடத்தில் அக்கா ஒருநாள்கூடத் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. நோய், நல்லது, கெட்டது எதற்கும் வரவில்லை. நாற்பது எட்டு வைக்க மனசில்லாத கோபம் என்று தெரு பேசியது, நியாயமான கோபம்தான் என்றும் பேசியது. மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்தான்.

பன்னிரண்டாம் வருடம் அவன் வலது முழங்காலைத் திறந்து எதையோ எடுத்துவிட்டுத் தைத்தார்கள். ஆறு வாரம் கால் ஊன்றக்கூடாது. முதல் நாள் போகவில்லை, இரண்டாம் நாள் போகவில்லை. ஏழு மணியானதும் கட்டிலில் கிடந்தபடியே அவனுக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் ஏழு மணிக்குத் தையல்காரி சுவருக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டாள். அவன் கால் இல்லை. மெதுவான கால், செருப்புக் கால், அடிக்கடி நின்று நின்று வரும் கால். எட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை.

பத்தேகாலுக்கு மெக்கானிக் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு கையில் அறுந்த செருப்பு, மறு கையில் சுருட்டிய அட்டவணை. அவன் மனைவி பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தண்ணி குடு முதல்ல" என்றாள் அக்கா.

குடித்து முடித்தாள். பிறகு மெக்கானிக், ஓட்டக்காரர்கள் முதலில் கேட்பதைக் கேட்டான்.

"எவ்வளவு ஆச்சு?"

"ஏழு மணிக்குக் கிளம்பினேன்." கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "அவர் போன முதல் வாரமே ரெண்டு தடவை கிளம்பினேன்டா. நான் என்ன உங்கள மாதிரி ஓடுற ஆளா? பாதியிலயே திரும்பிட்டேன். திரும்பினா நாலு எட்டுல வீடு வந்துடுது."

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் போர்வையைப் பார்த்தான்.

"பந்தயத்தன்னிக்குக் காலைல அவர் இடது தோள் வலிக்குதுன்னார். நீ அப்போ வெளிய ஷூ மாட்டிக்கிட்டிருந்த. சாக்கு சொல்லாதீங்க, ஓடினா சரியாயிடும்னு நான்தான் சொன்னேன். பனியனைக்கூட நான்தான் எடுத்துக் குடுத்தேன்." சுருட்டிய அட்டவணையை நீட்டினாள். "பதினோரு வருஷமா உன் கணக்கை எழுதிக்கிட்டு இருந்தேன்."

 மெக்கானிக் அதை வாங்கிக் கட்டிலில் விரித்தான், அது அவன் கட்டுப்போட்ட காலையும் மூடிக்கொண்டு கீழே தொங்கியது. தன் நேரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தான். கோட்டுக்கு மேலே தலைப்பு எதுவும் போடாமல், முதல் கட்டத்தில் 3.14 என்று எழுதினான். அக்கா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"மூணு பதினாலு இல்ல, மூணு பதினஞ்சு. சரியா எழுது."

அழித்துவிட்டு எழுதினான்.

அக்கா அறுந்த செருப்பை அங்கேயே போட்டுவிட்டு, தம்பி மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்பது எட்டில் வீட்டுக்குத் திரும்பினாள். வழியில் தையல்காரி சுத்தியலோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, நாளைக்கும் உண்டா? சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்."

"பத்தேகாலுக்கு மேல அடி" என்றாள் அக்கா.

தையல்காரி மறுநாள் பத்தரைக்கு அடித்தாள்.