பிடி சூழ்ந்த நிலம்

கொம்பு ஊதிய சத்தத்தில் கொல்லையில் மேய்ந்த கோழிகள் கூரைமேல் ஏறின. அடுத்துத் தாரை. அதற்கும் அடுத்து, கணீர் கணீரென்று ஒரு கனத்த மணிச் சத்தம்.

செல்லதுரை அப்போது டால்டா டின்னை வெட்டித் தட்டிய மார்புக் கவசத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தான். தலை போய்விட்டது, கை மாட்டிக்கொண்டது. வாசலில் மனைவி அம்சத்தின் குரல்.

"என்னங்க! ஆனை நம்ம வயல்ல எறங்குது!"

"நம்ம வயல்லயா? குளத்துத் திடல்லன்னுல்ல பேச்சு?"

"என்னைக் கேட்டா? ஆனையப் போய்க் கேளுங்க. உளுந்து பூவும் பிஞ்சுமா நிக்குது, மிதிச்சுக்கிட்டு வருது."

தகரம் டமடமவென்று அடிக்க, செல்லதுரை வாய்க்கால் கரையில் ஓடினான்.

பாபநாசத்துக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் சோழர் சபை தொடங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் புலவர் கோவிந்தராசுதான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிக்கூட மைதானத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சோழநாடு கூடும். மீசையை உத்தேசித்து ரேஷன் கடை எடைக்காரர் ராஜா. தபால்காரர் சேனாபதி. சைக்கிள் கடை ஜெக்கரியா பிரேக் கம்பியைப் பின்னிச் சங்கிலிச் சட்டை செய்வார், முறத்தில் சாக்கு ஒட்டிப் புலி வரைந்து கேடயம் செய்வார். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் கடிகாரம் கட்டிக்கொண்டு வரக்கூடாது, டயர் செருப்பு போடக்கூடாது. போன வருஷம் குளக்கரையில் நடந்த போரில் மூன்று பேருக்குக் காயம். மூன்றாவது ஆளுக்குக் காயம் வீட்டுக்குப் போனபிறகு ஏற்பட்டது.

செல்லதுரைக்குச் சண்டை வராது. குரல் வரும். இந்த வரப்பிலிருந்து கூப்பிட்டால் எட்டாவது வரப்பில் குனிந்திருப்பவன் நிமிர்வான். அதனால் ராஜாவின் ஆணையை ஓலையில் பார்த்து வாசிக்கும் அதிகாரி வேஷம் அவனுக்கு. நாள் பூராவும் சேற்றில் நிற்கிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் ஊரே வாய்மூடிக் காது கொடுத்தது. அந்த ருசி விடுமா?

மற்ற ஆறு நாளும் அவன் குத்தகைக்காரன். மிராசுதார் அமிர்தலிங்கத்தின் ஐந்து மா நிலம். அப்பா காலத்திலிருந்து உழவு, ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று புதுச் சட்டம் வந்ததும், பயந்து பயந்து இரண்டு மாதம் முன்னால் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருந்தான். வருகிற வியாழக்கிழமை விசாரணை. பெயர் ஏறிவிட்டால் அந்த ஐந்து மாவிலிருந்து அவனை யாரும் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால், "போடா" என்ற ஒரு சொல் போதும்.

மனுவைப் பற்றி மிராசுதார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபப்படவுமில்லை. சபைக்கு யானை தருவதாகப் புலவருக்குச் சொல்லியனுப்பினார்.

"மனுப் போட்ட ஆளு வேஷம் கட்டுற கூத்துக்கு அவரு எதுக்கு ஆனை தரணும்?" என்று அம்சம் அன்றைக்கே கேட்டாள்.

"பெரிய மனசு" என்றான் செல்லதுரை.

"பெரிய மனசு பத்து மூட்டைக்குக் குறைஞ்சு குத்தகை வாங்கியிருக்கா இதுவரைக்கும்?"

வயலில் பாதி ஊர் கூடியிருந்தது. யானை தெற்கு வரப்பில் நின்று உளுந்தஞ்செடியை வேரோடு பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. மிராசுதார் குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர்க் கர்ணம். கும்பகோணத்திலிருந்து வந்த போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார்.

"ஐயா, திடல்லன்னு சொன்னீங்களே. பயிரு நிக்குதுங்க."

"நெலதானம் காட்டுறதுக்கு நெலத்துலதானே காட்டணும் செல்லதுரை? திடல் என்ன நெலமா?" என்றார் மிராசுதார் சிரித்துக்கொண்டே. "உளுந்துக்கு நான் ஏதாச்சும் பாத்துச் செய்யறேன். போப்பா, ஜனம் காத்திருக்கு."

செல்லதுரை புலவரைப் பார்த்தான். புலவர் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிதானே? பெண் யானைதானே?" என்று பாகனை மூன்றாவது தடவையாகக் கேட்டார். "களிறா இருந்தா மரபு கெட்டுரும்."

பழைய காலத்தில் ராஜா நிலம் தானம் கொடுத்தால் ஒரு பெண் யானையை நடத்தி எல்லை குறிப்பார்கள். அது சுற்றிய வழியெல்லாம் கல் நட்டுக் கள்ளி நடுவார்கள். அதற்குப் பேர் பிடி சூழ்தல். ஆறு மாதமாகப் புலவர் கனவு கண்டது இதைத்தான்.

கொட்டு முழங்க யானை நடந்தது. செல்லதுரை உழுத நிலத்தின் நான்கு வரப்பிலும் நடந்தது. பின்னாலேயே சோழ வீரர்கள் கடப்பாரையால் குழி தோண்டிக் கல்லை இறக்கினார்கள். கள்ளிக் கிளையைச் செருகினார்கள். தபால்காரரின் கால் ஒரு உளுந்துப் பாத்தியைச் சப்பளித்தபோது அம்சம் வரப்பிலிருந்து கத்தினாள். கொம்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. இத்தனை பேருக்கு நடுவில், தலையில் ஜெக்கரியா தட்டிய தகரக் கிரீடத்தோடு, 'நிறுத்துங்கடா' என்று எப்படிச் சொல்வது?

ஓலை வாசிக்கும் கட்டம் வந்தது. ஓலை முறிந்துபோகிறது என்று புலவர் இந்தத் தடவை காகிதத்தில் எழுதி ஓலை நிறத்தில் சாயம் ஏற்றியிருந்தார்.

செல்லதுரை நெஞ்சு நிறைய மூச்சிழுத்தான். "கீழ்பாற்கெல்லை வாய்க்காலுக்கு மேற்கும்..." என்று எடுத்தான். நான்கு எல்லையும் அவன் வயலின் எல்லையாகவே இருந்தன. பொருத்தமாக எழுதியிருக்கிறார் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான். "இந்நான்கெல்லைக்கு உட்பட்ட ஐந்து மாவும், பிடி சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, குடி..."

நாக்கு நின்றது. ஒத்திகையில் அவன் மனப்பாடம் செய்தது 'குடிநீங்கா' என்று. காகிதத்தில் 'குடிநீக்கி' என்றிருந்தது. புலவரைப் பார்த்தான். புலவர் உள்ளங்கையை அசைத்தார்: எழுதியிருக்கிறபடி படி.

பழந்தமிழில் ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

"குடிநீக்கி, அறத்துக்குக் கொடுத்தோம்!" என்று எட்டு வரப்புக்குக் கேட்கப் படித்தான். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

கடைசியில் கையெழுத்து. பழைய சாசனங்களில் ஊரார் 'இவை என் எழுத்து' என்று வரிசையாக ஒப்பமிடுவது வழக்கம்.

"சோழன் காலத்துப் பேரு எதாச்சும் சொல்லுங்க புலவரே, போடறேன்."

"எதுக்கு இரவல் பேரு? சொந்தப் பேரைப் போடு. ஆயிரம் வருஷம் கழிச்சு எடுத்துப் பாக்கறவனுக்கு உன் பேரு தெரியட்டும்" என்றார் புலவர்.

அந்த வார்த்தையில் செல்லதுரைக்கு உடம்பே புல்லரித்தது. பந்தாவாகப் போட்டான்: 'இவை கா. செல்லதுரை எழுத்து.' போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து கையை உயர்த்தினார்.

வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் மிராசுதாரின் வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் மேஜைமேல் வைத்தார். அதன்மேல் போட்டோவை வைத்தார். நிலத்தைக் கட்சிக்காரர் தர்மக் கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், குத்தகைக்காரர் ஊரறிய ஒப்புக்கொண்டு விலகிவிட்டதாகவும் சொன்னார்.

விசாரணை அதிகாரி சரித்திரம் படித்தவர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னதுதாங்க."

"போட்டோல நிக்கறது?"

"நாந்தாங்க. தலையில இருக்கறது ஜெக்கரியா அடிச்ச கிரீடமுங்க, அது..."

"கிரீடத்தை நான் கேக்கல. இதைச் சத்தமா வாசிச்சீங்களா?"

"வாசிச்சேனுங்க."

"யார் யார் கேட்டாங்க?"

"ஊரே கேட்டுச்சுங்க. கர்ணம் முன்னால நின்னு கேட்டாரு."

சொல்லச் சொல்லத் தன் கழுத்துக் கயிற்றைத் தானே திரிப்பதுபோல் செல்லதுரைக்குத் தோன்றியது. ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய் சொல்லவும் வழியில்லை.

"குடிநீக்கின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பழைய தமிழுங்க."

"குடிநீங்கான்னா, உழுதுக்கிட்டிருக்கற குடியை வெளியேத்தாம, நெலத்தை மட்டும் கொடுக்கறது. குடிநீக்கின்னா அவனை வெளியேத்திட்டுக் கொடுக்கறது. அந்தக் குடி நீங்கதான்."

சன்னலோரம் நின்ற அம்சம் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

"வெளையாட்டுங்க ஐயா! ஞாயித்துக்கிழமை வெளையாட்டு! சோழர் சபைங்க!"

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் அதிகாரி, கொஞ்சம் இரக்கத்தோடு. "ஆனா வெளையாட்டுன்னு காயிதத்துல எழுதலியே. அந்தச் சபைக்குத் தலைவர்னு ஒருத்தர் இருப்பாருல்ல? அவர் வந்து, இது வெறும் நடிப்புன்னு ஒரு வரி சொன்னா இதைத் தூக்கி அந்தண்டை வெச்சிட்டு உங்க பேரை ஏத்திடறேன்."

செல்லதுரைக்குப் போன உயிர் திரும்பியது. "இருக்காருங்க! புலவர் வெளியதான் உக்காந்திருக்காரு!" என்று கதவுக்கு ஓடினான். ஓடும்போதே ஒன்று உறைத்தது: புலவரை இங்கே யார் கூட்டிவந்தது? வெளியே மிராசுதாரின் கார் நின்றது. காலையில் புலவர் வந்து இறங்கியதும் அதிலிருந்துதான். அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கு மிராசுதார்தான் தாளாளர் என்பது செல்லதுரைக்கும் தெரிந்த விஷயம்தான். இந்த நிமிஷம் வரை நினைப்பில் வரவில்லை.

புலவர் மேஜைக்கு முன் வந்து மேல்துண்டைச் சரிசெய்தார். செல்லதுரை பக்கம் திரும்பவேயில்லை.

"நீங்கதானே தலைவர்? அன்னிக்கு நடந்தது நடிப்புத்தானே?" என்று கேட்டார் அதிகாரி.

புலவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மத்தவங்கெல்லாம் நடிச்சாங்க ஐயா. செல்லதுரை ஒருத்தன்தான் நடிக்கல."