தூக்கிப் பழகியவள்

தையற்காரி ஜிம்மில் சேர்ந்தது உடம்பை அழகாக்க அல்ல. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவரை நரம்பு நோய் படுக்கையில் தள்ளியிருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது ஒருநாள் இருவரும் சேர்ந்தே தரையில் விழுந்தார்கள். "வண்டி நல்லாத்தான் போச்சு, பிரேக்தான் பிடிக்கல" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாளே பெரிய எடைத் தட்டுகளைக் காட்டி, "அதையே மாட்டும்மா" என்றாள், பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம்.

"அவசரப்படாதீங்கக்கா. எவ்வளவு கனம்ங்கறது ஒண்ணு, எத்தனை தடவைங்கறது இன்னொண்ணு. ரெண்டையும் ஒரேயடியா ஏத்தினா இடுப்பு போயிடும். லேசானதை ஒழுங்கா தூக்குங்க. பழகினதும் தடவையைக் கூட்டலாம். கனம் அப்புறம்."

"வீட்டுல நாள் பூரா அவரைத் தூக்குறேனே?"

"அதுவும் கணக்குல சேரும்கா. அதான் இங்க குறைச்சுக் குடுக்கறேன்."

அவள் சொன்னபடி கேட்டாள். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, கம்பியை உடம்போடு ஒட்டித் தூக்கினாள். வீட்டில் அவரையும் அப்படியே அணைத்து எழுப்பினாள். மாதங்கள் போகப் போக அவர் பூப்போல எழுந்து வந்தார்.

"பயில்வானைக் கட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சா எவனும் என்கிட்ட வாலாட்ட மாட்டான்" என்றார் அவர்.

பூரித்துப்போய் ஜிம்முக்கு ஓடினாள். "கனத்தை ஏத்தும்மா. இப்பல்லாம் அவரை ஒரே மூச்சுல தூக்கிடறேன்."

ஏற்றினார்கள். கம்பி முழங்கால்வரை வந்து நின்றுவிட்டது. பழைய எடைக்கு இறக்கியபோதும் திணறித்தான் தூக்கினாள். அந்தப் பெண் தட்டுகளைக் கழற்றியபடி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, அவர் ஒழுங்கா சாப்பிடறாரா? இளைச்சுக்கிட்டே வர்றாரா?"

தையற்காரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "என் சட்டையெல்லாம் நீதான பிடிச்சுப் பிடிச்சுத் தைக்கிற? உனக்குத் தெரியாதா?"

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சந்தோஷமா இருந்த. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அன்றும் அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். உடனே விட மனம் வரவில்லை. அணைத்தபடியே நின்றாள்.

குளிர்காலம் முடியுமுன் அவர் போய்விட்டார். உடலை எடுக்க உறவுக்கார ஆண்கள் குனிந்தபோது, "நகருங்க, நான் தூக்கறேன்" என்றாள். அவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

பிறகு அவள் ஜிம் பக்கம் போகவில்லை. அந்தப் பெண்தான் தேடி வந்தாள். "மெதுவா, லேசானதுல ஆரம்பிக்கலாம்கா."

"யாரைத் தூக்கறதுக்கும்மா?"

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.