வாயைத் திறக்கக் கூடாது

பஸ் ராமநாதபுரத்துக்குள் நுழைவதற்குள் உம்மு ஹபீபா மகளிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள். டாக்டர் எது கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. சுஹா தலையை ஆட்டினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. பேச்சும் புத்தியும் ஏழு வயதுப் பிள்ளையுடையவை. தன் பெயர், அத்தா பெயர், தேவிபட்டினத்தில் எந்தத் தெரு என்பதையெல்லாம் அவள் வாயில் வரவைக்க உம்மு ஹபீபாவுக்கு ஆறு வருடம் ஆனது. போன மாற்றுத்திறனாளி முகாமில் அவ்வளவையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். பாதிப்புச் சதவீதம் குறைவு என்று எழுதிவிட்டார்கள். மாத உதவித்தொகைக்கு அந்தச் சதவீதம் போதாதாம்.

அத்தா மஹ்மூது சவூதியில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகி நான்கு வருடம். உம்மு ஹபீபா நண்டு கம்பெனியில் சதை பிரிக்கிறாள். காலையில் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். போன மாதம் ஒரு நாள் பூட்ட மறந்தாள். யாரோ ஒருவன் கூப்பிட்டான் என்று சுஹா அவன் பைக்கில் ஏறித் திருப்பாலைக்குடி வரை போய்விட்டாள். தெரிந்த மீன்காரப் பெண்கள் பார்த்துச் சத்தம் போட, அவன் இறக்கிவிட்டு ஓடினான். அன்றிலிருந்து இரண்டு பூட்டு. உதவித்தொகை வந்தால் மதியத்தோடு வேலையை முடித்துக்கொள்ளலாம். அரை நாளாவது பிள்ளை வெளிக்காற்றில் இருப்பாள்.

முகாமில் இந்த முறை டாக்டர் இளம்பெண். பெயர் கேட்டார். சுஹா உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஊர் கேட்டார், விரல்களை எண்ணச் சொன்னார். பதில் முட்டி நின்ற அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் உம்மு ஹபீபா தரையைப் பார்த்தாள்.

"ஏம்மா பேச மாட்டேங்குற?"

"உம்மாதான் பேசக் கூடாதுன்னுச்சு."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்விட நினைத்த உம்மு ஹபீபா, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள பேரு சொல்லிருவா டாக்டரம்மா. அத எவன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் அவளுக்குத் தெரியாது. எவன் கூப்புட்டாலும் பின்னாடியே போயிருவா. அத இந்தத் தாள்ல எங்கன எழுதுவீங்க?"

டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. என்னால் தனியாக எதையும் மாற்ற முடியாது, மதுரையில் மறுபரிசோதனைக்கு எழுதுகிறேன், தேதி தபாலில் வரும், மூன்று மாதம் ஆகலாம் என்றார். உம்மு ஹபீபா மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் சுஹா அவள் கையை இழுத்தாள்.

"நான் சரியாச் சொன்னேனா உம்மா?"

"சரியாத்தான் சொன்னே."

வராந்தாவில் தாய்மார்கள் பிள்ளைகளோடும் டோக்கனோடும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண், தன்னைவிட உயரமான மகனின் தலையை வளைத்துப் பிடித்து, அவன் காதில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சிரித்தபடி தலையை ஆட்டினான்.